முறிகண்டி வளைவில் ஐந்தாவது தடவை

என்னுடைய கடையில் திருத்திக் கொடுத்த பொருள் எதுவும் ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்ததில்லை. இதை நீங்கள் கிளிநொச்சிச் சந்தையில் யாரிடமும் கேட்டுப் பார்க்கலாம். தண்ணீர்ப் பம்ப், இன்வேட்டர், மின்விசிறி, பற்றரி ஸ்கூட்டர் எல்லாம் என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப்போவதற்கு இது தேவைப்படும்.

என் பெயர் ஏரம்பு கிருபன். வயது நாற்பத்தேழு, ஊர் அக்கராயன். சுகிர்தனின் கண் போன விடயமாக நீங்கள் தட்டச்சுச் செய்து தந்த வாக்குமூலத்தை நான்கு தரம் வாசித்தேன். அதில் ஒரு வசனம் பிழை. அதனால்தான் கையெழுத்து வைக்கவில்லை. அப்படியென்றால் நீங்களே எழுதுங்கள் என்று வெள்ளைத் தாள் தந்தீர்கள். நன்றி ஐயா. பேனையும் நல்ல பேனை.

சுகிர்தன் சுவிஸிலிருந்து திரும்பி வந்தபோது கலியாண மண்டபம் கட்டப்போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் ஒரு பழைய நெல்லுக் களஞ்சியத்தை எடுத்துத் திருத்தி, அதற்குள் இடுப்பளவு உயரத்தில் பலகையால் ஓடுபாதை ஒன்று போட்டான். அதில் ஓடுவது ஒரு சாண் நீளக் கார்கள். பாதையின் நீளத்துக்கும் ஒரு பிளவு வெட்டியிருக்கும். காரின் மூக்குக்குக் கீழே உள்ள முள் அந்தப் பிளவுக்குள் ஓடும். பிளவின் இரண்டு கரையிலும் செப்புப் பின்னல் இருக்கும், கார் அதிலிருந்து கரண்ட் எடுக்கும். ஓட்டுகிறவரின் கையில் துவக்குப் பிடி மாதிரி ஒரு கொன்ரோலர். விசையை இழுத்தால் ஓடும், விட்டால் நிற்கும். ஸ்லொட் கார் என்று பெயர். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று உங்கள் கொன்ஸ்டபிள் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் ஜெயபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து ஓட்டியவர்கள் எல்லாம் தலை நரைத்த ஆட்கள்.

பாதையில் பதினொரு மீற்றர் நீளத்துக்கு ஒரு நேர்ப்பகுதி இருக்கிறது. அது முடிகிற இடத்தில் கூரான வளைவு. அதற்கு முறிகண்டி என்று பெயர் வைத்தோம். ஏ-ஒன்பது றோட்டில் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாருக்கு முன்னால் நின்று தேங்காய் உடைத்து, கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டுதானே போகும். எங்கள் வளைவிலும் மெதுவாகாத கார் வெளியே பறக்கும். சுகிர்தன் பெருவிரல் அளவில் ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து வளைவின் ஓரத்தில் வைத்தான்.

அந்தப் பெயரிலிருந்து ஒரு வழக்கமும் வந்தது. போட்டிகள் முடிந்த பிறகு தேங்காய்ச் சுற்று. பிள்ளையாருக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். நேர்ப்பகுதியில் முழு வேகத்தில் வந்து, விசையை விட்டு, கோட்டைத் தாண்டாமல் நிற்க வேண்டும். ஒருவருக்கு ஐந்து தடவை. கோட்டுக்கு ஆகக் கிட்ட நிற்கிறவருக்குத் தேங்காய். அதை அவர் வாசல் கல்லில் உடைப்பார், எல்லோரும் ஆளுக்கொரு சொட்டுத் தின்போம். நடுவர் எப்போதும் சுகிர்தன்தான். வளைவின் ஓரத்தில் கார் மோதாமல் இருக்க ஒட்டியிருக்கும் பஞ்சை அவன் கழற்றி வைப்பான். அந்த இடத்தில் குனிந்து, முகத்தைத் தாழ்த்தி நாடியைப் பலகையில் வைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, வருகிற காருக்கு நேரெதிரே பார்த்துக்கொண்டிருப்பான். கார் நின்ற பிறகு அடிமட்டத்தால் அளந்தால் போதும் என்று நானே ஒருமுறை அவனுக்குச் சொன்னேன்.

"அது சரி அண்ணை," என்றான். "ஆனா அது வந்து மூக்கடியில நிக்கிறதைப் பாக்கிறதுதானே ருசி."

நான் சொன்னதற்குச் சாட்சி இருக்கிறது. எங்களோடு கார் ஓட்டுகிற வினோதன் பக்கத்தில் நின்றான்.

போன வருடம் பிறஷ் இல்லாத மோட்டர்கள் வந்தன. பழைய மோட்டருக்குள் கரித்துண்டுகள் உரசிக்கொண்டிருக்கும், தேயும், சூடாகும். புதியதில் அது ஒன்றும் இல்லை. வேகம் ஒன்றரை மடங்கு. எல்லோருக்கும் பெரிய சந்தோசம், முதல் வளைவு வரும்வரை. விசையை விட்டாலும் கார் நிற்கவில்லை.

காரணம் எளிது. பழைய மோட்டரைக் கையில் எடுத்து, அதன் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டு அச்சைச் சுற்றிப் பாருங்கள், இறுகும். விசையை விட்டதும் கொன்ரோலர் அதைத்தான் செய்கிறது. இரண்டு செப்புப் பின்னலையும் ஒன்றாகச் சேர்க்கிறது, மோட்டர் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. புதிய மோட்டருக்கும் பின்னலுக்கும் நடுவில் ஒரு சின்ன மின்பலகை இருக்கிறது. பின்னலைச் சேர்த்தால் அந்தப் பலகைக்குக் கரண்ட் இல்லாமல் போகும், அது நித்திரையாகிவிடும். மோட்டருக்குச் சேதி போகாது. அது தன் பாட்டில் சுழன்றுகொண்டிருக்கும்.

தேங்காய்ச் சுற்று நின்றுபோனது. மூன்று கிழமை பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரே தேங்காய் இருந்தது.

"கிருபண்ணை, நீங்கள் ஒருக்காப் பாருங்கோ," என்று சுகிர்தன் கடைக்கே வந்து கேட்டான். "உங்களை விட்டா இங்க ஆருக்கு இது விளங்கும்?"

அது உண்மை. நான் பார்த்தேன். எட்டு மாதம் பார்த்தேன்.

முதலில் ஒரு கப்பாசிற்றரைப் போட்டேன், பலகை நித்திரையாகாமல் ஒரு செக்கன் விழித்திருக்க. பின்னலில் கரண்ட் செத்ததை ஒரு சிப் கண்டுபிடித்து மோட்டரின் மூன்று வயரையும் ஒன்றாகச் சேர்க்கும்படி செய்தேன். நின்றது. ஆனால் பின் சில்லு அப்படியே இறுகி, கார் வாலை வீசியது. பிறகு வயர்களை ஒரேயடியாகச் சேர்க்காமல், செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை சேர்த்துப் பிரிக்கும்படி புறோகிராம் எழுதினேன். அதற்குப் பிறகு கொன்ரோலரில் இருக்கும் பழைய பிறேக் குமிழும் வேலை செய்ய வேண்டும் என்று நினைத்தேன். பின்னலில் ஒரு துளி கரண்டை விட்டுவைத்து, அந்தத் துளியின் அளவைப் பார்த்துச் சிப் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கச் செய்தேன். ஒரு காருக்கு முப்பத்தொரு இடத்தில் ஈயம் உருக்கி வைக்க வேண்டும். பூதக்கண்ணாடிக்குக் கீழே, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஓட்டிப் பார்த்தது முழுக்கத் தேனுகா. சுகிர்தனின் மகள். பத்தொன்பது வயது, வவுனியாவில் பல்கலைக்கழகம் கிடைத்து, தொடங்கும் திகதிக்குக் காத்துக்கொண்டிருந்தாள். அந்த மண்டபத்தில் அவளுடைய கையைப் போல ஒரு கை இல்லை. மற்றவர்கள் பிறேக் நல்லது, கூடாது என்று சொல்வார்கள். அவள் சொல்வது வேறு மாதிரி.

"மாமா, இது விட்ட உடன பிடிக்குது. எனக்கு விட்டாப் பிறகு ஒரு சொட்டு நேரம் வேணும்."

அந்தச் சொட்டு நேரத்தைக் கொடுக்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது. பங்குனி மாதம் அவள் முழு வேகத்தில் வந்து கோட்டுக்கு ஒரு விரற்கடைக்குள் நிறுத்தினாள். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தை எழுத இந்தத் தாள் காணாது.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பரிசளிப்பு வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஆட்கள், பள்ளிக்கூட அதிபர்கள், கமரா. நான் சலவை செய்த சேட்டோடு இரண்டாம் வரிசைக் கதிரையில் இருந்தேன். சுகிர்தன் மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் நன்றி சொன்னான். பலகை அறுத்த ஆசாரிக்குப் பேர் சொல்லி நன்றி. பந்தல் போட்டவருக்கும் பேர் சொல்லி நன்றி. பிறகு சொன்னான்:

"புது மோட்டருக்குப் பிறேக் பிடிக்குதில்லை எண்டு கொஞ்ச நாள் கஷ்டப்பட்டனாங்கள். எங்கட றேடியோக்கடை அண்ணை ஒராள் ஒருமாதிரி ஒட்டித் தந்தவர். ஆடி மாசம் ஜேர்மனியில இருந்து ஒழுங்கான சாமான் வருது. அதுமட்டும் சமாளிப்பம்."

ஆட்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஒருமாதிரி. ஒட்டி. முப்பத்தொரு இடத்தில் வைத்தது ஈயம், பசை இல்லை. நான் கடைசியாக றேடியோத் திருத்திப் பன்னிரண்டு வருடமாகிறது. எனக்கு மனம் நொந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. வீட்டுக்குப் போக என் மனுசி சிவனேஸ்வரி, "என்னப்பா, முகம் ஒருமாதிரிக் கிடக்கு?" என்றா. அந்தச் சொல்லையே அவவும் சொன்னது தற்செயல். நான் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மேசைக்குப் போனேன்.

கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதுவீர்கள். கோபத்தில் செய்கிற வேலைக்குத் துப்புரவு இருக்காது. நான் இரண்டு மாதம் எடுத்தேன். பிறேக் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சுகிர்தன் ஒருமுறை கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். ஒரு செய்முறை விளக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கிட்டத்தில் இருப்பது முக்கியம்.

ஆகவே மூன்று ஞாயிற்றுக்கிழமை சும்மா நின்று பார்த்தேன். ஒருவர் முதல் தடவை ஓட்டும்போது சுகிர்தனின் முகம் கோட்டிலிருந்து இரண்டு முழம் தள்ளி இருக்கும். கார் ஒழுங்காக நிற்க நிற்க அவன் முன்னுக்கு வருவான். ஐந்தாவது தடவை ஒரு சாண். சில நாளில் அதிலும் குறைவு. கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன், கடை மேசையின் இரண்டாவது லாச்சியில் நீல மட்டை போட்டது. எடுத்துக்கொள்ளுங்கள்.

புறோகிராமில் பதினொரு வரி புதிதாகச் சேர்த்தேன். முழு வேகத்தில் வந்து நிற்பதை மட்டும் எண்ண வேண்டும். நான்கு தடவை வழக்கம் போலப் பிடிக்க வேண்டும். ஐந்தாவது தடவை விசையை விட்டால் பிடிக்கக்கூடாது. அதற்குப் பிறகு பழையபடி பிடிக்க வேண்டும். கடைசி வரி கட்டாயம் இல்லை. என்றாலும் பிடிக்காத பிறேக்கை ஒரு காரில் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

யாருடைய காரில் போடுவது என்று யோசித்தேன். வினோதன் பயந்தவன், பாதி வழியிலேயே விட்டுவிடுவான். அவன் கார் பிறேக் இல்லாமலே ஊர்ந்து வந்து நிற்கும். மற்றவர்களும் அப்படித்தான். பிறேக்கை முழுதாக நம்பிக் கடைசி நொடியில் விடுகிற ஆள் தேனுகா ஒருத்திதான். அந்த நம்பிக்கையை எட்டு மாதமாக ஊட்டியதும் நான்தான். வேறு ஒருவரின் கையை நம்பி இந்த வேலையைச் செய்திருக்க முடியாது.

கடையின் பின்பக்கம் நாலு மீற்றரில் எனக்கொரு சோதனைப் பலகை இருக்கிறது. அதன் முனையில் ஒரு பப்பாசிப் பழத்தை வைத்து ஓடவிட்டுப் பார்த்தேன். காரின் மூக்கு இரண்டு விரற்கடை உள்ளே போயிருந்தது. அதுவும் நாலு மீற்றரில் எடுத்த வேகத்துக்கு. பழம் பாதிக் காயாகத்தான் இருந்தது. ஆகவே நெற்றியில் கீறும், பயந்து போவான் என்று மட்டும் நினைத்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எழுதவில்லை.

ஆனி மாதம் இரண்டாவது ஞாயிறு. போட்டிகள் முடிந்தன. தேங்காய்ச் சுற்றுக்கு முன்னால் எல்லோருடைய காரையும் நான் வாங்கிச் சில்லுத் துடைத்துக் கொடுப்பது வழக்கம். தேனுகாவின் காரைத் துடைக்கும்போது புதிய புறோகிராமை ஏற்றினேன். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. அவள் "தாங்ஸ் மாமா" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

முதல் தடவை கோட்டுக்குப் பதினான்கு மில்லிமீற்றர். இரண்டாவது ஒன்பது. மூன்றாவது ஆறு. ஆட்கள் கதிரையை விட்டு எழும்பி வந்து சுற்றி நின்றார்கள். நான்காவது தடவை நாலு மில்லிமீற்றர். அந்தப் பாதையில் யாரும் அப்படி நிறுத்தியதில்லை. பிறேக் அவ்வளவு நன்றாக வேலை செய்த நாள் வேறு இல்லை.

சுகிர்தன் நாடியைப் பலகையில் வைத்தபடி சிரித்தான். "பிள்ளை, கலக்குறாய். இன்னும் கொஞ்சம் முட்ட விடு பாப்பம்."

அவளுக்கு ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. அதை நான் கண்டேன். அவள் தகப்பனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"மாமா, விடட்டோ?"

"விடு பிள்ளை. பிறேக் இருக்குத்தானே."

கார் வந்த வேகத்தில் கோட்டையும் தாண்டி, பிள்ளையாரையும் தட்டிக்கொண்டு போனது. சத்தம் பெரிதாக இல்லை. சுகிர்தன் கத்தவும் இல்லை, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே கீழே இருந்துவிட்டான். கத்தியது தேனுகா. வினோதன்தான் ஓட்டோவைக் கொண்டுவந்தான். நான் பாதைக்கு வரும் கரண்டை நிற்பாட்டினேன், யாராவது ஒருவர் அதைச் செய்ய வேண்டும்.

வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை என்று யாழ்ப்பாணத்தில் டொக்டர் சொன்னார். அடுத்த நாள் நானும் சிவனேஸ்வரியும் பார்க்கப் போனோம். தேனுகா ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்தாள். வலது கைச் சுட்டுவிரலை இடது கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"பிள்ளை, யோசியாதை," என்றேன். "கை பிந்துறது ஆருக்கும் நடக்கிறதுதான்."

"நான் பிந்தினனானோ மாமா?"

"ஒரு சொட்டு."

அதை இப்போதும் ஆறுதல் வார்த்தை என்றே நினைக்கிறேன். காரணம் தெரியாமல் இருப்பதைவிட ஒரு காரணம் இருப்பது நல்லதில்லையா. அவள் உங்களுக்குத் தந்த முதல் வாக்குமூலத்தில் தன் கைதான் பிந்தியது என்று சொல்லியிருக்கிறாள். யார் சொல்லித் தந்தது என்று நீங்கள் கேட்கவில்லை.

பிறகு அவள் சாப்பிடாமல் விட்டாள். பல்கலைக்கழகம் தொடங்கியும் போகவில்லை. அந்த விரலை மடக்கி வைத்துக்கொண்டு இடது கையால் தேத்தண்ணீர் குடிக்கிறாள் என்று தாய் சுதாஜினி அழுதா. நான் மூன்று தரம் வீட்டுக்குப் போனேன், இரண்டு தரம் கோழிச் சூப்பும் கொண்டுபோனேன். சுகிர்தன் கட்டோடு சாய்வு கதிரையில் இருந்தான். கடைசித் தரம் போனபோது என் கையைப் பிடித்தான்.

"அண்ணை, நீங்கள் ஒண்டும் மனசில வைக்காதையுங்கோ. உங்கட பிறேக் திறம். அதைப் போல ஒண்டு எங்கயும் இல்லை. பிள்ளைதான் பிந்தீட்டாள்."

தேனுகா குசினி வாசலில் நின்றாள், கேட்டிருப்பாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஜேர்மன் சாமானையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னான். என்னைப் பொறுத்தவரை விடயம் அத்தோடு முடிந்தது. நீங்களும் விட்டிருக்கலாம்.

நீங்கள் காரை எடுத்துக்கொண்டுபோய் ஒரு எஞ்சினியரிடம் காட்டினீர்கள். அவர் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்திருப்பார், பிறேக் பிடித்திருக்கும். பிறகு மூடியைக் கழற்றி, கையால் செய்த பலகையைக் கண்டதும் மேலே பார்க்கத் தேவையில்லை என்று முடிவு செய்திருப்பார். அவருடைய வசனத்தைத்தான் நீங்கள் என் வாக்குமூலத்திலும் போட்டிருக்கிறீர்கள். "உள்ளூரில் செய்யப்பட்ட தரமற்ற பிறேக் பாகம் இடையில் பழுதடைந்ததே விபத்துக்குக் காரணம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்."

அந்தச் செய்தியைக் கேட்ட அன்றைக்குத் தேனுகா பத்தொன்பது நாளுக்குப் பிறகு சோறு தின்றாளாம். பிழை தன் கையில் இல்லை என்று தாயைக் கட்டிப்பிடித்து அழுதாளாம். சுதாஜினி என் கடை வாசலில் நின்று சொன்னா. என்னை முறைத்துக்கொண்டுதான் சொன்னா. பிள்ளை சாப்பிட்டது எனக்குச் சந்தோசம். ஆனால் பிழையான ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை சந்தோசப்படுவது சரியில்லை.

அதனால் அவளுடைய விடயத்தையும் திருத்தி எழுதுகிறேன். அவளுடைய கை பிந்தவில்லை. ஐந்தாவது தடவையும் சரியான இடத்தில்தான் விட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிந்தியிருந்தாலோ முந்தியிருந்தாலோ என் கணக்குப் பிழைத்திருக்கும். அதுபோல ஒரு கை எங்கும் கிடையாது, அவள் திரும்பவும் ஓட்ட வேண்டும் என்பதே என் விருப்பம். வேண்டுமென்றால் நானே போய் அவளிடம் சொல்கிறேன், நான் சொன்னால் கேட்பாள்.

இனி உங்கள் வசனம். அதை வெட்டிவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள். பிறேக் பழுதாகவில்லை. நான்கு தடவை பிடி என்று எழுதியிருந்தேன், பிடித்தது. ஐந்தாவது தடவை பிடிக்காதே என்று எழுதியிருந்தேன், பிடிக்கவில்லை. ஆறாவது தடவை உங்கள் எஞ்சினியரின் கையில் பிடித்தது. சுகிர்தனின் கண்ணை எடுத்தது நான். தரமற்ற பாகம் எதுவும் எடுக்கவில்லை.

இதற்குக் கீழே கையெழுத்து வைக்கிறேன். கார் உங்கள் அலுமாரிக்குள் சும்மா கிடக்கிறது என்று நினைக்கிறேன். அரை மணித்தியாலம் என்னிடம் தந்தால் அந்தப் பதினொரு வரியையும் அழித்துத் தருவேன். பிறகு தேனுகாவிடமே திருப்பிக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு பிழையும் வராது.

ஏரம்பு கிருபன்